மனநல வார்டுக்குப் போகும் மூன்றாம் ஆண்டு மாணவிக்கு

தென்மாவட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம்: "அடுத்த மாதம் எங்களுக்கு மனநல மருத்துவமனையில் நான்கு வாரப் போஸ்டிங். வகுப்பில் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் கேலி செய்து சிரிக்கிறார்கள். எனக்கும் பயம்தான். நர்சாகப் போகிற எங்களுக்கே மனநோயாளிகளைப் பற்றி இப்படியோர் எண்ணம் இருப்பது தவறில்லையா? போய்வந்தால் மாறிவிடுமா? அங்கே யாராவது தின்னக் கொடுத்தால் வாங்காதே என்று அம்மா சொல்கிறார். அது சரியா?"

பயம் போய்விடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனநல நர்சிங் கற்பிக்கிறேன். முதல் நாள் வார்டு வாசலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற மாணவிகள், இரண்டாம் வாரத்தில் அதே வார்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோயாளிகளுடன் தாயம் உருட்டுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதனால் உங்கள் பயம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அது போன பிறகு அந்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதுதான் விஷயம். அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

முதலில் தவறா என்ற கேள்வி. நீங்கள் நர்சிங்கில் சேருவதற்கு முன்பே பதினேழு ஆண்டுகள் இந்த ஊரில் வளர்ந்தவர். சோறு உண்ணாவிட்டால் பைத்தியக்காரனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார். எத்தனை சினிமாக்களில் மனநல மருத்துவமனை என்றால் தலையில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறவர்கள் வரும் காமெடிக் காட்சிதான்! சென்னைக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள "கீழ்ப்பாக்கம்" என்ற ஒரு சொல் போதும். அந்தப் பகுதியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, லட்சக்கணக்கில் விலைபோகும் அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. ஆனாலும் ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. 1794இல் வாலன்டைன் கொனொலி என்ற ஆங்கிலேய மருத்துவர் மதராஸில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்தது அங்குள்ள அரசு மனநலக் காப்பகம். இப்போதைய இடத்துக்கு அது வந்தது 1871இல். இத்தனை ஆண்டுகளில் அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் எவ்வளவோ பேர். அவர்களில் ஒருவரைக்கூட நமக்குத் தெரியாது, ஏனென்றால் திரும்பியவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. வசவு மட்டும் தெரியும்.

உங்கள் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே தனியார் நடத்திய ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்கிறது. தேர்வுக்கு அந்தப் பிரிவை மனப்பாடம் செய்வீர்கள். அது எந்தச் சாம்பலிலிருந்து வந்தது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எண்ணம் இருப்பது தவறில்லை. வெள்ளைச் சீருடை போட்டவுடன் அது துவைத்துப்போகும் என்று நாங்கள் ஆசிரியர்கள் நினைத்துக்கொள்வதுதான் தவறு.

ஆபத்தே இல்லை என்று சொல்லும் ஆசிரியரை நம்பாதீர்கள். தீவிர நிலையில் அனுமதிக்கப்பட்ட ஒருவர், யாரோ தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்பும் நேரத்தில், கையை ஓங்கலாம். போதையும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். அதற்கு முறைகள் இருக்கின்றன. கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் நோயாளி இல்லாதபடி உட்காருங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை நாடாவைக் கழற்றிப் பையில் வையுங்கள். கத்தரிக்கோலை ஹாஸ்டலிலேயே விட்டுவிடுங்கள். குரல் உயர்ந்தால் எழுந்து போய் ஸ்டாஃப் நர்சைக் கூப்பிடுங்கள், அது கோழைத்தனமன்று. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் நடக்கும் வன்முறையில் மனநோயாளிகளின் பங்கு மிகச் சிறியது. அடி கொடுப்பதைவிட அடி வாங்குவதே அவர்களுக்கு அதிகம் நேர்கிறது. வார்டில் உங்களுக்கு வரப்போகிற பெரிய தொல்லை வேறு: "சிஸ்டர், என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்?" என்று ஒரே அம்மாள் ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்பார். முப்பதாவது முறையும் முதல் முறைபோலப் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் உங்களுக்கு வைக்கப்படும் பரீட்சை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

போஸ்டிங்கில் உங்களை ப்ராசஸ் ரெக்கார்டிங் எழுதச் சொல்வார்கள். நோயாளியுடன் நீங்கள் பேசியதை வரிக்கு வரி எழுதி, பக்கத்துக் கட்டத்தில் அதற்கு என்ன பொருள் என்று நீங்கள் கருதுவதையும் எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கொண்டுவந்த நோட்டில் இப்படி இருந்தது. மாணவி: "அம்மா, இன்று எப்படி இருக்கிறீர்கள்?" நோயாளி: "நீ சாப்பிட்டாயா?" மாணவி: "நேற்று இரவு நன்றாகத் தூங்கினீர்களா?" நோயாளி: "முகம் வாடியிருக்கிறதே, சாப்பிடாமல் வந்துவிட்டாயா?" பக்கத்துக் கட்டத்தில் மாணவி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "கேள்விக்குத் தொடர்பில்லாத பதில். சிந்தனைத் தொடர்ச்சி பாதிக்கப்பட்டுள்ளது."

சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அந்த அம்மாளுக்கு அறுபது வயது. நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். காலை எட்டு மணிக்கு ஒரு சின்னப் பெண் களைத்த முகத்துடன் எதிரில் வந்து உட்கார்ந்தால் எந்தத் தமிழ்த் தாய்தான் வேறு என்ன கேட்பார்? அன்று அந்த மாணவி உண்மையிலேயே சாப்பிடாமல்தான் வந்திருந்தார். பஸ்ஸைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று ஹாஸ்டல் இட்லியைத் தொடாமல் ஓடிவந்தவர். பேசிய இரண்டு பேரில் எதிரில் இருப்பவரைச் சரியாகக் கவனித்தவர் நோயாளிதான்.

அந்த மாணவிக்குப் பயம் இல்லை. வெறுப்பும் இல்லை, சொல்லப்போனால் நல்ல பெண். ஆனால் பயம் போன இடத்தில் நோய்ப்பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் மனச்சிதைவு என்று எழுதியிருக்கிறது, அதனால் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் அறிகுறி. சிரித்தால் பொருத்தமற்ற சிரிப்பு. சிரிக்காவிட்டால் உணர்ச்சி மழுங்கல். வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் நோயை உணராமை. பேசாமல் இருந்தால் ஒதுங்கல். இந்த வலையிலிருந்து நோயாளி எந்தப் பக்கமாகத் தப்புவது?

இன்னொன்று இரக்கம். பெரும்பாலான மாணவிகளிடம் பயத்தின் இடத்துக்கு வருவது இதுதான். நாங்களும் அதைப் பார்த்து மகிழ்ந்து, போஸ்டிங் வெற்றி என்று அறிக்கை எழுதிவிடுவோம். நாற்பத்தைந்து வயது வங்கி ஊழியர், மனநிலை எழுச்சிக்கும் சோர்வுக்குமாக மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாறு, எழுச்சி தணிந்து வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர். அவரிடம் போய் "சமர்த்தாக மாத்திரை போட்டுக்கொண்டீர்களா? வெரி குட்" என்று மாணவி கைதட்டுகிறார். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "மேடம், போன மாதம் வரை நான் லோன் கையெழுத்துப் போட்டவன்." இரக்கம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாவம் என்று ஒருவரைப் பற்றி நினைக்கத் தொடங்கியதும், அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவெடுக்கும் உரிமை நமக்கு வந்துவிட்டதாக ஒரு நினைப்பும் கூடவே வருகிறது. எந்த மாத்திரை, எதற்கு, எவ்வளவு நாள் என்று அவர் கேட்டால், "டாக்டரிடம் கேளுங்கள்" என்று நகர்ந்துவிடுவோம். குழந்தைக்குப் போய் யார் விளக்கம் சொல்வார்கள்?

இரக்கப்படுவதும் சமமாக ஏற்பதும் வேறுவேறு என்பதை ஆய்வாளர்கள் வெகுநாள் முன்பே கண்டுகொண்டார்கள். மனநோயாளிகள் மீதான சமூக மனப்பான்மையை அளக்க 1981இல் டெய்லர், டியர் என்ற இருவர் கனடாவில் உருவாக்கிய 40 வாக்கிய வினாத்தாள் ஒன்று உண்டு. நர்சிங் மாணவர்களிடம் நடக்கும் ஆய்வுகளில் அடிக்கடி வருவது அதுதான், உங்கள் கையிலும் யாராவது எம்.எஸ்சி. மாணவி ஒரு நாள் கொண்டுவந்து திணிப்பார். அதில் மனப்பான்மை ஒரே மதிப்பெண்ணாக வராது, நான்காகப் பிரிந்து வரும். அடக்கி வைக்க வேண்டும் என்ற அதிகார எண்ணம், கனிவு, சமூகத்தில் விலக்கி வைத்தல், ஊருக்குள்ளேயே சிகிச்சை தரலாம் என்ற ஏற்பு. ஒரே மாணவி கனிவில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்துவிட்டு, விலக்கி வைப்பதிலும் உயர்ந்த மதிப்பெண் எடுப்பார். முரண்பாடே இல்லை. "அவர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும், ஆனால் அங்கேயே வைத்து."

வினாத்தாளை நான் முழுதாக நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியை முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது யார் "மனநோயாளிகள் மீது எனக்கு அனுதாபம் இல்லை" என்று டிக் அடிப்பார்கள்? நான் வகுப்பில் வேறொன்று கேட்பேன். உங்கள் அண்ணனுக்குப் பெண் பார்க்கிறீர்கள். பெண் டிகிரி முடித்தவர், நல்ல குடும்பம், ஜாதகம் பொருந்துகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை மனநோய் வந்து, சிகிச்சை பெற்று, இன்று வேலைக்குப் போகிறார். அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? வகுப்பில் அதுவரை இருந்த சலசலப்பு அடங்கிவிடும். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுதித் தரவும் கேட்பதில்லை. அந்த நிசப்தமே போதும்.

போய்வந்தால் மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். மாறும் என்றுதான் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. பாடம் மட்டும் படித்தவர்களைவிட, பாடத்தோடு நேரடிப் பழக்கமும் கிடைத்தவர்களிடம் மாற்றம் அதிகம். ஆனால் காலம் போகப் போக அது தேய்ந்துவிடுகிறது என்பதும் அதே ஆய்வுகளில் உண்டு. எந்த மாதிரிப் பழக்கம் என்பதில்தான் சூட்சுமம். முன்முடிவு குறைய வெறும் சந்திப்பு போதாது, இரண்டு தரப்பும் சம நிலையில் சந்திக்க வேண்டும், சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதினார். மனநல வார்டில் என்ன சமம் இருக்கிறது? சாவி நம் பக்கம். வெளியே போகும் பஸ் நமக்கு நாலரை மணிக்கு. நம் உடுப்பு கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத சீருடை, அவர்களுடையது எத்தனையோ பேர் உடுத்தி வெளுத்த மருத்துவமனைத் துணி.

அதைவிடப் பெரிய கோளாறு, நீங்கள் பார்க்கப்போவது யாரை என்பது. உள்நோயாளி வார்டில் இருப்பவர்கள் நோயின் உச்சத்தில் இருப்பவர்கள், அல்லது வீட்டார் வந்து அழைத்துப் போகாததால் ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனவர்கள். நன்றாகிப் போனவர்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். பிரசவ வார்டில் சிக்கலான பிரசவங்களை மட்டுமே நான்கு வாரம் பார்த்த ஒருத்தி, பிள்ளை பெறுவதைப் பற்றி என்ன முடிவுக்கு வருவாள்? சென்னையில் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனம், ஸ்கார்ஃப் என்று சொல்வார்கள், 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. அந்த நிறுவனத்து டாக்டர் தாரா குழுவினர், 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரைச் சென்னையில் பத்தாண்டு, இருபதாண்டு என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நிலைமை நன்றாகவே இருந்தது. இந்த ஒரு செய்தியைப் பாடத்தின் முதல் வகுப்பில் சொன்னால் எவ்வளவோ மாறும். நாம் வகைப்பாட்டில் தொடங்கி, அறிகுறிகளை எண்ணி, மீட்சிக்கு வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் பிரெண்டா ஹாப்பெல் என்ற நர்சிங் பேராசிரியை இதில் நீண்டகாலம் உழைத்தவர். நர்சிங் மாணவர்களிடம் எதிர்காலத்தில் எந்தப் பிரிவில் வேலை செய்ய ஆசை என்று வரிசைப்படுத்தச் சொன்னால், மனநலம் கடைசிப் படிகளில் கிடக்கும் என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியவர். மனநோயை அனுபவித்து மீண்டவர்களையே ஆசிரியர்களாக வகுப்பில் நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதையும் அவரும் கூட்டாளிகளும் பார்த்தார்கள். மாணவர்களின் பார்வை நல்லபடியாக நகர்ந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் பாடம் எடுப்பவர், நாம் கேட்பவர்கள். சாவி இடம் மாறிவிடுகிறது. நான் ஓர் ஆண்டு, மீண்டு வந்து தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளை வகுப்புக்கு அழைத்து வந்தேன். ஒரு மணி நேரம் பேசினார். "குரல் கேட்டபோது பயமாக இருந்ததா?" என்று ஒரு மாணவி கேட்டார். "குரல் பழகிவிட்டது, வார்டில் என் முன்னாலேயே நின்றுகொண்டு என்னைப் பற்றிப் பேசுவார்களே, அதுதான் பழகவில்லை" என்றார். அந்த ஆண்டுக்குப் பிறகு என் ரவுண்ட்ஸ் பழக்கம் மாறியது. மாணவிகளுக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.

இதில் எங்கள் பக்கத் தவறு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனநோய் என்பது பேய் அன்று, செய்வினை அன்று, மூளையில் வேதிப்பொருள் மாற்றம் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தால் களங்கம் போய்விடும் என்று நம்பினோம். பாதிதான் நடந்தது. மூளை நோய் என்று நம்புகிறவர்கள் நோயாளி மீது பழி போடுவது குறைகிறது, உண்மை. ஆனால் இவர் தேறவே மாட்டார், எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாது என்ற எண்ணம் அவர்களிடம் குறையவில்லை, சில ஆய்வுகளில் கூடியே இருக்கிறது. மூளையே பழுது என்றால் ஆள் முழுதும் பழுது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது போலும். வேதிப்பொருளைச் சொல்லுங்கள். கூடவே அவருக்கு வேலை போனதையும், குழந்தை இறந்ததையும், வாடகைக்கு வீடு கிடைக்காததையும் சொல்லுங்கள்.

சரி, மனநல மருத்துவமனையை விடுங்கள். உங்களில் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வகுப்புக்கு ஒருவரோ இருவரோ. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மனநல நர்ஸ் ஒருவர்கூட முழுதாக இல்லை என்பதுதான் நிலை. மற்றவர்கள் பொது மருத்துவமனையிலும் ஐ.சி.யூ.விலும் துபாயிலும் இருப்பீர்கள். மனநோயாளிகள் அங்கேயும் வருவார்கள், நெஞ்சுவலியோடும் சர்க்கரையோடும். உங்கள் மனப்பான்மைக்கு உண்மையான பரீட்சை அந்த இடத்தில்தான்.

பெயர் வேண்டாம், ஒரு பொது மருத்துவமனை. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒருவரை வயிற்றுவலி என்று கொண்டுவந்தார்கள். "வயிற்றுக்குள் பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய சீட்டில் நோய்ப்பெயரைப் பார்த்ததும் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. மாயத்தோற்றம், மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். ராத்திரி டியூட்டிக்கு வந்த பயிற்சி மாணவி ஒருத்திதான் போர்வையை விலக்கிப் பார்த்து, வயிற்றில் கை வைத்து, "ஐயா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டாள். ஆறு நாள். குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும், முற்றினால் அடைப்பு வந்து உயிரே போகும். மருந்தியல் தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அந்த வார்டில் எல்லாரும். அந்தப் பாம்பு மட்டும் யார் காதிலும் வயிறாக விழவில்லை. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பகுதி, தடுத்திருக்கக்கூடிய உடல் நோய்களால்.

இதேபோல் இன்னொன்று. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில் ஒருவர் உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார், நின்றாலும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். மாணவிகள் "கிளர்ச்சி அதிகமாகிவிட்டது" என்று எழுதுவார்கள். சிலநேரம் அதை நம்பி மருந்தளவைக் கூட்டிவிடுவதும் உண்டு. அது அந்த மருந்தே கொடுக்கும் வேதனை, அகதீசியா. உள்ளுக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் என்று அனுபவித்தவர்கள் சொல்வார்கள். நடக்கிறவரை நிறுத்தி, "நடக்க வேண்டும் என்று தோன்றுகிறதா, நடக்காமல் இருக்க முடியவில்லையா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். எலும்பு முறிவு வார்டில், குடியை விட்ட மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி பார்க்கிறவரும் உங்களுக்கு வருவார். "மெண்டல் கேஸ்" என்று கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போகிற இடங்கள் உண்டு. அது உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம்.

கேஷுவாலிட்டியைச் சொல்லாமல் விட முடியாது. அரளி விதை அரைத்துக் குடித்த பெண், பூச்சிமருந்து குடித்த பையன். மூக்கு வழியாகக் குழாய் இறங்கும்போதே, "சாகிறதென்று முடிவு செய்தவளுக்கு எங்கள் உயிரை ஏன் வாங்க வேண்டும்?" என்று யாராவது கேட்பார்கள். மாணவிகள் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள், எங்கள் பாடத்தை அன்று. சீனியர் அப்படிப் பேசுகிறவர் கெட்டவர் என்றும் சொல்லிவிட முடியாது. முப்பது படுக்கைக்கு ஒருவராக நிற்கிறவரின் சலிப்பு அது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? வேறாக நிரூபிக்கப்பட்டாலொழிய, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியையே குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு அப்படியே தொடரவில்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலை முயற்சியில் இறங்குவது மட்டும் குற்றமாக மிஞ்சியிருக்கிறது. நீதிமன்றமே தண்டிக்காத ஒருவரை, வயிறு கழுவும் அறையில் நாம் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

கேலி செய்து சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிரிப்பு யார் காதில் விழுகிறது என்பதையும் யோசியுங்கள். 2015-16இல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருந்தது. உங்கள் வகுப்பில் அறுபது பேர் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். என் மாணவி ஒருத்தி இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். அட்டையிலிருந்து பிரித்து, வைட்டமின் டப்பாவில் போட்டு, ஹாஸ்டலில் எல்லார் கண் முன்னாலும் தைரியமாக விழுங்குவாள். மனநல நர்சிங் பாடத்தில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். கடைசி ஆண்டு முடியும்போதுதான் என்னிடம் சொன்னாள். "வகுப்பில் லூசு என்று சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரித்துவிடுவேன், மேடம். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்களே." நான் இருக்கும் வகுப்பறையில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது. (உங்கள் அறையில் அப்படி யாராவது இருந்தால், நீங்களே அப்படி இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை.)

போஸ்டிங்குக்கு என்ன தயாரிப்பு என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் நாள் கேஸ் ஷீட்டைத் திறக்காதீர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி, எத்தனை வாரம் இருப்பீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டு, அரைமணி நேரம் உட்காருங்கள். அதன் பிறகு நோய்ப்பெயரைப் படியுங்கள். வரிசை மாறினால் பார்வை மாறுவதை நீங்களே உணர்வீர்கள். சாகப் போகிறேன் என்று யாராவது ரகசியமாகச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். போன் நம்பர் கேட்டால் தர முடியாது என்று நேராகச் சொல்லுங்கள், தவறான நம்பர் கொடுத்து ஏமாற்றாதீர்கள். இதைச் செய்யும் மாணவிகள் உண்டு, அவர் அந்த நம்பருக்கு மாதக்கணக்கில் முயன்றுகொண்டிருப்பார்.

கடைசியாக அம்மாவின் கேள்வி. வாங்காதே என்பதுதான் விதி. உங்கள் அம்மா நினைப்பதுபோல் அதில் ஏதாவது கலந்திருக்கும் என்பதற்காக அன்று. இன்று பிஸ்கட் வாங்கினால் நாளை அவர் ஒரு கடிதம் வெளியே கொண்டுபோய்ப் போடச் சொல்லும்போது மறுக்க முடியாமல் போகும். நீங்கள் அவர்களுக்குக் கொடுப்பதுதான் இன்னும் ஆபத்து. சிலர் மறுநாள் காலை ஈ.சி.டி. என்ற மின் அதிர்வு சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவர்கள். மருந்தினால் விழுங்குவது சிரமமாகி, வேகமாக உண்ணும்போது தொண்டை அடைத்துக்கொள்பவர்களும் உண்டு. எனவே ஸ்டாஃப் நர்சைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள்.

நான் விதியை மீறியது ஒரே ஒருமுறை. சாப்பிட்டாயா என்று கேட்ட அந்த அம்மாளின் வார்டுக்கு, நோட்டைத் திருத்திய மறுநாள், அந்த மாணவியை அழைத்துக்கொண்டு போனேன். மாணவி அவர் எதிரில் உட்கார்ந்து, "நேற்று நான் சாப்பிடவில்லை அம்மா, நீங்கள் சொன்னது சரி" என்றார். அம்மாள் தலையணைக்கு அடியிலிருந்து, மகன் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்த பொட்டலத்தை எடுத்தார். இரண்டே இரண்டு பிடி மிக்சர் மிஞ்சியிருக்கும். மாணவி என்னைப் பார்த்தார். நான் ஸ்டாஃப் நர்சைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.